மூட்டம் கட்டிய இரட்டைக் கண்ணாடியை மாற்றுதல்

உள்ளேயிருந்து துடைத்தாலும் வெளியேயிருந்து துடைத்தாலும் போகாத வெண்மூட்டம் யன்னல் கண்ணாடியில் தெரிந்தால், அது இரண்டு தகடுகளுக்கும் நடுவில் இருக்கிறது. மன்னாரில் முன்பு இப்படியொரு பழுதே கிடையாது. முதிரையிலோ பாலையிலோ செய்த யன்னல், அதில் 3 மி.மீ. ஒற்றைக் கண்ணாடி, சுற்றிவரப் புட்டி. உடைந்தால் அளவைச் சொல்லிக் கடையில் வெட்டி வாங்கி ஒரு பின்னேரத்தில் பூட்டிவிடலாம். போருக்குப் பிறகு வெளிநாட்டுக் காசில் எழும்பிய வீடுகளோடும் ஏசி அறை வைத்த விடுதிகளோடும்தான் இரட்டைக் கண்ணாடி இந்தப் பக்கம் வந்தது. இலண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கிற பிள்ளைகள், அங்கே வீட்டில் இருப்பதுபோல இங்கேயும் இருக்கட்டும் என்றார்கள். அங்கே அது குளிரைத் தடுக்க. இங்கே எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பழைய கண்ணாடி பழுதாகிப் புதிதுக்குக் காசு கொடுக்கப்போகிற நேரத்திலாவது கேட்பது நல்லது.

அதற்கு முன் பழுது எதுவென்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். விடியப்புறத்தில் ஏசி ஓடிய அறையின் கண்ணாடி வெளிப்பக்கமாக வியர்த்திருக்கும். வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிவதுதான் அது; வெயில் ஏறப் போய்விடும், பழுதல்ல. வெளிப்பக்கம் மாத்திரம் சொரசொரப்பாக, நகத்தால் சுரண்டினால் சிறிது வருகிறதென்றால் அது உப்பு, அல்லது கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்புக் கறை. அதற்கும் கண்ணாடி மாற்ற வேண்டியதில்லை. உங்கள் யன்னலில் இருப்பது இரட்டைக் கண்ணாடிதானா என்பதே சந்தேகமென்றால், இரவில் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைக் கண்ணாடிக்கு அருகில் சரிவாகப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டிரண்டு பிம்பம் தெரியும். நான்கு தெரிந்தால் இரட்டை.

நடுவில் ஈரம் எப்படிப் போகிறது

இரட்டைக் கண்ணாடி என்பது இரண்டு தகடுகளை ஓர் அலுமினியச் சட்டத்தால் விலக்கி, விளிம்பை அடைத்துச் செய்த ஒரே பொருள். அந்தச் சட்டம் உள்ளே வெறுமையாக இருக்கும். அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் சிறு மணிகள் நிரப்பியிருப்பார்கள். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே கறுப்புக் கோடுபோல மெல்லிய பியூட்டைல் பசை இருக்கும். நீராவியை மறிப்பது அதுதான். அதற்கு வெளியே பொலிசல்பைட் அல்லது சிலிக்கன் தடிப்பாகப் பூசியிருக்கும். தகடுகளைப் பிடித்துவைப்பது அது. விளிம்பு வழியாகக் கொஞ்சம் ஈரம் எப்போதும் கசியத்தான் செய்யும். மணிகள் உறிஞ்சும் மட்டும் ஒன்றும் தெரியாது. அவை நிரம்பிய பிறகுதான் மூட்டம் கட்டும். ஆகவே நீங்கள் மூட்டத்தைக் காணும் நாளுக்குப் பல காலம் முன்பே விளிம்பு விட்டுப்போயிருக்கும்.

குளிர்நாட்டில் நெடுங்காலம் நிற்கிற பொருள் இங்கே வேளைக்கே விட்டுப்போவதற்கு உப்புக்காற்றைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். உப்பு கண்ணாடியை ஒன்றும் செய்யாது. அது திருகாணியைத் தின்னும், பிணைச்சலைத் தின்னும், பூச்சு உரிந்த அலுமினியத்தில் குழி போடும். கண்ணாடி விளிம்புக்குப் பெரிய எதிரி தேங்கி நிற்கிற தண்ணீர். அலுமினிய யன்னலின் கீழ்ச்சட்டத்தில் மழைத்தண்ணீர் வடிய வெளிப்பக்கமாகச் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். பேசாலையிலும் தலைமன்னாரிலும் தாழ்வுபாட்டிலும் காற்றோடு வருகிற மணல் அந்தத் துளைகளை அடைத்துவிடும். அதற்குப் பிறகு சட்டம் தண்ணீர்த் தொட்டிதான். பசை நாட்கணக்கில் நீரில் ஊறி, கண்ணாடியைவிட்டு மெல்லக் கழரும். மூட்டம் பெரும்பாலும் கீழ்விளிம்பில் தொடங்குவது இதனால்தான். அந்தத் துளைகளைத் துப்புரவாக்காமல் புதுக் கண்ணாடி போடுவது, ஓட்டை அடைக்காமல் வள்ளத்துக்கு வர்ணம் பூசுகிற வேலை.

கண்ணாடியில் துளையிட்டு உள்ளீரத்தை உலர்த்தித் தருவதாகச் சொல்கிறவர்களும் உண்டு. மூட்டம் சிலகாலம் மறையலாம். விட்டுப்போன விளிம்பு ஒட்டாது, நிரம்பிய மணிகள் புதிதாகாது, துளை வழியே கடற்காற்று தாராளமாக உள்ளே போகும். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். மாற்ற வேண்டியது யன்னலையல்ல, கண்ணாடித் தொகுதியை மட்டும். சட்டமும் பிணைச்சலும் நன்றாக இருந்தால் அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

திரும்பவும் இரட்டைதான் வேண்டுமா?

ஒரு சதுர மீற்றர் ஒற்றைக் கண்ணாடி, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வித்தியாசம் இருந்தால் ஏறக்குறைய 5.8 வாற் வெப்பத்தைக் கடத்தும். 12 மி.மீ. இடைவெளி விட்ட சாதாரண இரட்டைக் கண்ணாடி 2.8 வாற் அளவில் கடத்தும். பாதி என்பது கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஏசி இல்லாத அறையில், யன்னல் திறந்து காற்றாடி ஓடுகிறபோது உள்ளேயும் 32 பாகை, வெளியேயும் 33 பாகை. மிச்சப்படுத்த அங்கே ஒன்றுமில்லை. ஏசி போட்டு உள்ளே 24 பாகையில் வைத்தால் வித்தியாசம் 9 பாகை. ஒரு சதுர மீற்றருக்கு 52 வாற் வரவேண்டிய இடத்தில் 25 வாற் வரும். மிச்சம் 27 வாற்.

இப்போது மேற்குப் பார்த்த யன்னலை எடுங்கள். பின்னேர வெயில் அதில் ஒரு சதுர மீற்றருக்கு 600 வாற் அளவில் விழுகிறதென்று வைத்தால், தெளிந்த ஒற்றைக் கண்ணாடி நூற்றுக்கு 85 பங்கை உள்ளே விடும், அதாவது 510 வாற். தெளிந்த இரட்டைக் கண்ணாடி 75 பங்கு, 450 வாற். இவ்வளவு காசு கொடுத்தும் அறைக்குள் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. யன்னலுக்கு வெளியே இரண்டடி தள்ளி ஓர் ஓலைத் தட்டி கட்டினால் அந்த 600 வாற்றில் பெரும்பகுதி கண்ணாடிக்கே வராது. மேற்கில் ஒரு வேம்பு நின்றாலும் அப்படித்தான். உள்ளே போடும் திரைச்சீலை இந்த வேலையைச் செய்யாது. வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் அதைச் சந்திக்கிறது.

ஆகவே என் கணக்கு இது. ஏசி நெடுநேரம் ஓடுகிற படுக்கையறை, பக்கத்தில் ஜெனரேற்றரோ பெருந்தெருவோ இருக்கிற அறை, விடியவிடியக் கண்ணாடி வியர்த்து யன்னற்கட்டையை நனைக்கிற அறை: இந்த மூன்றுக்கும் இரட்டைக் கண்ணாடிக்கு இரட்டைக் கண்ணாடியே போடுங்கள். விறாந்தை, கூடம், குசினி யன்னல்களில் மூட்டம் கட்டினால் 6 மி.மீ. ஒற்றைக் கண்ணாடிக்குத் தயங்காமல் மாறலாம். மிஞ்சும் காசை நிழலுக்குச் செலவிடுங்கள். அப்படி மாறும்போது ஒன்று: 5-12-5 (தகடு, இடைவெளி, தகடு) என்ற இரட்டைத் தொகுதி 22 மி.மீ. தடிப்பு. அது இருந்த பள்ளத்தில் 6 மி.மீ. கண்ணாடி வைத்தால் 16 மி.மீ. இடைவெளி மிஞ்சும். அதைச் சிலிக்கனால் நிரப்பச் சொல்கிறவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். அலுமினிய யன்னலென்றால் கண்ணாடியைப் பிடிக்கும் உட்பட்டியைத் தடிப்பாக அதே வகைச் சட்டத்துக்கு வாங்கலாம். மர யன்னலென்றால் தச்சர் புதுப் பட்டி இழைத்துத் தருவார்.

எதிர்த்திசையில் போக, அதாவது பழைய மர யன்னலின் ஒற்றைக் கண்ணாடியைக் கழற்றி அதில் இரட்டையைப் பூட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் எடையைப் பார்க்க வேண்டும். கண்ணாடி ஒவ்வொரு மி.மீ. தடிப்புக்கும் சதுர மீற்றருக்கு 2.5 கிலோ. 3 மி.மீ. கண்ணாடி 7.5 கிலோ, 5-12-5 தொகுதி 25 கிலோ. பழைய யன்னற் கதவின் பள்ளமும் போதாது, பிணைச்சலும் தாங்காது. லூவர் கண்ணாடி யன்னலுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். உடைந்த தகட்டின் அளவைக் கொண்டுபோய் ஒன்று வெட்டி, விளிம்பு தேய்த்து, பிடியில் செருகினால் முடிந்தது.

காற்று

மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை வரிசையாக நிறுத்தி 100 மெகாவாற் எடுக்கும் தம்பபவனித் திட்டம் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. அத்தனை பெரிய முதலீட்டை இங்கே கொண்டுவந்த காற்றேதான் உங்கள் யன்னலையும் தள்ளுகிறது. மணிக்கு 72 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சதுர மீற்றர் கண்ணாடியில் சுமார் 25 கிலோ அழுத்தம் கொடுக்கும். 108 கிலோமீற்றரானால் 56 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கு, அழுத்தம் இரண்டேகால் மடங்கு. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசெம்பர்ப் புயல் தலைமன்னாரையும் விட்டுவைக்கவில்லை. அந்த மாதிரிப் புயலுக்குக் கண்ணாடியை மட்டும் நம்ப முடியாது, பலகைக் கதவு வேண்டும். சாதாரண சோழகக் காற்றுக்கே 3 மி.மீ. போதாது. கடையில் “நாலு மில்லி காணும் அண்ணை” என்பார்கள். கரையோர வீடென்றால் ஐந்தையே கேளுங்கள்; பெரிய யன்னலுக்கு ஆறு.

வேலைக்குப் பருவமும் பார்க்க வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோழகம் வீசும்போது ஒரு சதுர மீற்றர் கண்ணாடியைத் திறந்த வெளியில் தூக்கிப் பிடிப்பது ஆபத்து. சிலிக்கன் காயுமுன் மணலும் அதில் ஒட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் மரம் ஈரமாக இருக்கும், எதுவும் பிடிக்காது. மாசி நடுவிலிருந்து சித்திரை வரைதான் வசதி. விடியற்காலையில் தொடங்கி, வெயில் சுடுமுன் கண்ணாடியைப் பள்ளத்தில் இருத்திவிடுங்கள். நடுவில் உடைந்தால் பருவம் பார்க்க முடியாதென்பது உண்மைதான்; அப்போது தற்காலிகமாகப் பலகை அடித்துவிட்டு அமைதியான ஒரு காலைக்குக் காத்திருக்கலாம்.

அளவெடுத்தல்

இந்த வேலையில் காசு அழிகிற இடம் இதுதான். கடினப்படுத்திய கண்ணாடியை அதன் பிறகு வெட்டவோ தேய்க்கவோ முடியாது. இரட்டைத் தொகுதியும் அப்படியே. 3 மி.மீ. கூடி வந்தால் கொழும்புப் பக்கத்துப் பட்டறைக்கே அதைத் திருப்ப வேண்டும், திருப்பினாலும் அவர்களுக்கு அதனால் பயனில்லை.

ஒரு வீட்டில் ஒரே மாதிரித் தெரிகிற நான்கு யன்னல்களையும் தனித்தனியாக அளவெடுங்கள். இங்கே இதைக் கூடுதலாக வற்புறுத்தக் காரணமுண்டு. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போனார்கள். மன்னாரின் மற்ற ஊர்களிலும் போர் வீடுகளைத் திரும்பத் திரும்ப வெறுமையாக்கியது. ஆளில்லாத வீடுகளில் கூரையும் கதவும் யன்னலும் போயின. திரும்பி வந்தவர்கள் கிடைத்த நிலையை, கிடைத்த காலத்தில், கிடைத்த மேசனைக் கொண்டு வைத்தார்கள். சில வீடுகளில் கொங்கிறீற் நிலையும் மரநிலையும் ஒரே சுவரில் நிற்கும். பார்வைக்குச் சமமான இரண்டு யன்னல்களுக்கிடையில் 10 மி.மீ. வித்தியாசம் வருவது புதினமல்ல.

கண்ணாடியைப் பிடிக்கும் உட்பட்டியில் ஒன்றைக் கழற்றிவிட்டு அளவெடுங்கள். வெளியே தெரிகிற கண்ணாடி அளவல்ல, பள்ளத்தின் அளவு வேண்டும். அகலத்தை மேலும் நடுவும் கீழும், உயரத்தை இடமும் நடுவும் வலமும். மூன்றில் சிறியதை எடுத்து அதில் 6 மி.மீ. குறையுங்கள். பள்ளம் 612க்கு 914 என்றால் கண்ணாடி 606க்கு 908. மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். அவை 5 மி.மீற்றருக்கு மேல் வேறுபட்டால் நிலை கோணியிருக்கிறது, 6 குறைப்பது போதாது. தடிப்பைப் பழைய தொகுதியின் விளிம்பில் நேரே அளக்கலாம். எல்லாவற்றையும் மில்லிமீற்றரில் எழுதுங்கள். அங்குலமும் நூலும் தச்சரோடு பேச நல்லது, பட்டறைக்கு அனுப்பும் தாளில் வேண்டாம். அகலம் முதலில், உயரம் பிறகு என்று அந்தத் தாளிலேயே குறியுங்கள்.

கட்டளை கொடுக்கும்போது விளிம்புப் பசை எதுவென்று கேளுங்கள். விளிம்பு முழுவதும் சட்டத்துக்குள் மறைகிற யன்னலென்றால் பொலிசல்பைட் போதும். எங்காவது வெயில் நேரே விளிம்பில் படுமென்றால் சிலிக்கன் வேண்டும். வெயில் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடியென்றால் அந்தப் பூச்சு வெளித்தகட்டின் உட்புறத்தில் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் வெளியே என்று ஒட்டுத்தாளில் எழுதச் சொல்லுங்கள். நுவரெலியாவில் வீடு கட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கொழும்பில் அடைத்த காற்று 1,868 மீற்றர் உயரத்தில் விரிந்து கண்ணாடியைப் புடைக்கச் செய்யும். கடல்மட்டத்தில் செய்து கடல்மட்டத்தில் பூட்டும் நமக்கு அந்தக் கவலையில்லை. மதவாச்சியிலிருந்து வரும் ஏ14 வீதியில் லொறியில் எப்படி வருகிறதென்பதுதான் கவலை. நிமிர்த்தி, மரச்சட்டத்தில் சாய்த்துக் கட்டி வரவேண்டும். படுக்கப்போட்டுக் கொண்டுவந்ததை இறக்கவே விடாதீர்கள்.

கழற்றிப் பூட்டுதல்

இரண்டு பேர் வேண்டும். தடித்த கையுறையும் மூடிய சப்பாத்தும் போடாமல் தொடக்கூடாது. உட்பட்டிகளில் நீளமானதை முதலில், நடுவிலிருந்து மெல்லிய உளியால் நெம்பி எடுங்கள். பூட்டும்போது கட்டையானவை முதலில், நீளமானவை பிறகு. எது எந்தப் பக்கத்ததென்று பென்சிலால் குறியுங்கள். பழைய புட்டி கல்லாகியிருந்தால் அவசரப்படாமல் துண்டுதுண்டாக எடுங்கள்.

வெறும் சட்டம் கையில் இருக்கும் இந்த நேரத்தில்தான் உண்மையான வேலை. மணலையும் பழைய பசையையும் துடைத்து, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, ஒரு நாள் காய விடுங்கள். வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, மேலே தண்ணீர் ஊற்றி அது வெளியே வடிகிறதா என்று கண்ணால் பாருங்கள். மர யன்னலென்றால் பள்ளத்துக்கு அடிப்பூச்சு அடிக்க வேண்டும். வெறும் மரம் புட்டியின் எண்ணெயைக் குடித்துவிடும். கறள் பிடித்த இரும்புத் திருகாணிகளைத் தூக்கி எறிந்து, 316 தரத் துருப்பிடிக்காத உருக்கில் மாற்றுங்கள். 304 கொஞ்சம் மலிவு, கடற்கரையில் அதுவும் பழுப்பேறும். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்பாணி போடுவது இரட்டைக் கேடு: உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு நிற்க, ஆணியைச் சுற்றி அலுமினியமும் அரிக்கும்.

கண்ணாடி சட்டத்தில் நேரே உட்காரக் கூடாது. கடின ரப்பர்க் கட்டைகள் இரண்டின்மேல்தான் இருக்க வேண்டும். திறக்காத யன்னலில் இரு முனைகளிலிருந்தும் கால்வாசித் தூரத்தில் வையுங்கள். பக்கவாட்டில் திறக்கும் கதவென்றால் முறை வேறு: கீழே பிணைச்சல் பக்கத்து மூலையில் ஒன்று, மேலே கொளுக்கிப் பக்கத்து மூலையில் ஒன்று, குறுக்காக. அப்போதுதான் எடை பிணைச்சலுக்குப் போகும், கதவு தொய்யாது. கட்டையின் அகலம் இரண்டு தகடுகளையும் தாங்க வேண்டும். ஒரு தகடு மட்டும் கட்டையில் இருந்து மற்றது தொங்கினால் விளிம்புப் பசை நாளாந்தம் அறுபடும். பழைய செருப்பை வெட்டி வைக்கும் வழக்கம் பல இடத்தில் உண்டு. அது நசிந்துபோகும். கட்டை வடிதுளையை மூடுகிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.

கீழ்விளிம்பை முதலில் கட்டையில் இருத்தி, மெல்ல நிமிர்த்தி உள்ளே தள்ளுங்கள். நாற்புறமும் 3 மி.மீ. இருக்கிறதென்று பார்த்த பிறகு பட்டியை அடியுங்கள். ரப்பர்ப் பட்டையைப் பக்க நீளத்தைவிடச் சற்றுக் கூட வெட்டி, நெருக்கிச் செருக வேண்டும். இழுத்துப் பூட்டினால் வெயிலில் சுருங்கி மூலைகள் வாய் திறக்கும். சிலிக்கன் வாங்கும்போது மூடியைத் திறந்து மணந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் அது மீன்தொட்டிக்கு நல்லது, இதற்கு வேண்டாம். அந்த அமிலம் இரட்டைக் கண்ணாடியின் விளிம்புப் பசையையும் உலோகத்தையும் கெடுக்கும். மணமில்லாத நடுநிலை வகையைக் கேளுங்கள். அதை வெளிப்புறத்தில் மெல்லிய கோடாக, தண்ணீர் வழுகி விழும்படி சரித்து இழுத்தால் போதும். கீழ்ப் பள்ளத்தை நிரப்பினால் நீங்களே வடிகாலை அடைத்தவராவீர்கள்.

பூட்டிய முதல் நாளில் கதவை அடித்துச் சாத்த வேண்டாம். பிறகு மாதமொருமுறை, சோழகக் காலத்தில் இரண்டு கிழமைக்கொருமுறை, கண்ணாடியோடு சட்டத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தீவின் பல கிணறுகளில் தண்ணீர் உவர்; அதால் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி படியும். அந்தத் தண்ணீர்தான் உண்டென்றால் உடனே உலர்துணியால் துடைத்துவிடுங்கள். துளைகளை மழைக்கு முன் ஒருமுறை, சோழகம் ஓய்ந்ததும் ஒருமுறை குத்திப் பாருங்கள்.

கழற்றிய பழைய தொகுதியைக் கரையிலோ பனங்காணியிலோ போட வேண்டாம். கரைவலை இழுக்கிறவர்கள் வெறுங்காலோடு நிற்கிற இடம். சாக்கில் சுற்றிக் கட்டி, மேலே கண்ணாடி என்று எழுதி, நகரசபை அல்லது பிரதேச சபை வண்டி வரும் நாளில் கையில் கொடுங்கள். உடையாமல் கழன்று வந்த ஒற்றைக் கண்ணாடியென்றால் வைத்திருக்கலாம். கடினப்படுத்தாததாக இருந்தால் சிறிய யன்னலுக்கு வெட்டிக் கொள்ளலாம்.